டெங்கிலுக்குப் போவதா?

நமது காரியாலயத்திற்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எழுத்து வேறு, தோட்டம் வேறு. கேள்வி மட்டும் ஒன்றுதான். "தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வேலை இத்தனை நாளோடு முடிந்தது என்கிறார்கள். டவுனில் வீடு தருகிறோம், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடலாமா, வேண்டாமா?" சென்ற மாதம் வந்த கடிதம் ஒன்றில் இதற்கு மேலும் ஒரு வரி இருந்தது: "போகச் சொல்லும் இடம் டெங்கில் பக்கம். அங்கே போனவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்து எழுதவும்."

நன்றாக இருக்கிறார்களா? இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட முடியாது. ஆகையால் இவ்வாரம் இந்தப் பத்தி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

டெங்கில் ஒரு பெரிய பட்டணமல்ல. சிலாங்கூரில் சிப்பாங் மாவட்டத்தில், லங்காட் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. ஒரு காலத்தில் சுற்றிலும் ஈயலம்பமும் ரப்பர் தோட்டமும்தான். கடைத்தெரு என்று சொல்லிக்கொள்ள நாலு வரிசைக் கடைகள். தோட்டத்து ஜனங்கள் சம்பளம் போட்ட மறுநாள் சாமான் வாங்கப் போவார்கள். பிறகு அடுத்த சம்பளம் வரை அந்த ஊரை நினைக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு 1990ஆம் ஆண்டுகளில் திடீரென்று பெரிய பெரிய அண்டை வீட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் 1998 ஜூன் மாதத்தில் திறந்த கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். மறுபக்கம் சைபர்ஜெயா. இரண்டுக்கும் அருகே புத்ராஜெயா. மூன்றும் நின்ற மண்ணில் பெரும்பகுதி நம் மக்கள் பால் வெட்டிய மண்.

புத்ராஜெயாவின் பழைய பெயர் பலருக்கு மறந்துபோயிருக்கலாம். பெராங் பெசார் என்பது அதன் பெயர். பெரிய யுத்தம் என்று பொருள். முதலாம் உலக யுத்தம் முடிந்து வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் சிலர் 1921இல் காட்டை வெட்டித் திறந்த தோட்டம் அது. காட்டை வெட்டியவர்கள் அவர்களல்லர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். பெயர் மட்டும் அவர்கள் வைத்தது. அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது. அங்கே பொறுக்கி எடுத்து ஒட்டுக் கட்டிய மரவகைகளுக்குத் தோட்டத்தின் முதலெழுத்துகளையே பெயராக வைத்தார்கள். பி.பி. 86 என்ற ரகத்தைக் கேள்விப்படாத பழைய கிராணி இருக்க முடியாது. அந்த மரத்தை இலங்கையில் நட்டார்கள், கேரளத்தில் நட்டார்கள். பெராங் பெசார் மரம் கடல் கடந்து பெயர் வாங்கிற்று. அந்த மரத்தின் கீழ் விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்ற குடும்பங்கள் எங்கே போயின? பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி டெங்கிலுக்குப் போயின.

புதிய நிர்வாகத் தலைநகரை அந்த இடத்தில் எழுப்புவது என்று சர்க்கார் 1993இல் முடிவு செய்தது. 1995இல் வேலை தொடங்கிற்று. 1999இல் பிரதமர் காரியாலயம் அங்கே குடிபோயிற்று. 2001 பிப்ரவரி முதல் தேதியன்று அது கூட்டரசுப் பிரதேசமாயிற்று. பெராங் பெசார், மெடிங்லி, செட்ஜலி, கேலவே ஆகிய நாலு தோட்டங்களின் குடும்பங்கள், ஏறக்குறைய நானூறு குடும்பங்கள், டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. தரை வீடு கிடைக்கும் என்ற வாக்கை நம்பி வந்தோம் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். கிடைத்தது அடுக்கு வீடு. சில ஆண்டுகளிலேயே சுவர் வெடித்தது, தளம் இறங்கிற்று என்று முறையீடு எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மக்கள் மனு எழுதினார்கள், மந்திரிகளைப் பார்த்தார்கள், பத்திரிகைக்காரர்களைக் கூட்டிச் சுவரைக் காட்டினார்கள். வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் தாங்களே குழந்தை பெற்று, அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மனுக் கொடுக்கப் போனார்கள்.

இதை எதற்காக இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், கையெழுத்துப் போட்ட நாளில் அவர்களும் இன்று நமக்குக் கடிதம் எழுதும் தோழரைப் போலத்தான் நின்றார்கள். ஏமாளிகள் அல்லர். நாலு தோட்டம், ஒரே குரல், கோரிக்கை வைக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: அந்த வாக்குறுதி எழுத்தில் இல்லை.

இனி, நம்மவர்களுக்குத் தோட்டத்தின் மீது என்ன உரிமை இருக்கிறது என்பதைச் சற்று ஒளிவு மறைவில்லாமல் பேசுவோம்.

லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 1966ஆம் ஆண்டின் சட்டமும், பின்னர் அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும், தோட்டத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி, ஆயாக்கொட்டகை எப்படி என்றெல்லாம் முதலாளிக்குக் கடமை விதித்தன. நல்லதுதான். அந்தக் கடமை வேலை இருக்கும் வரையில்தான். வேலை நின்ற மறுநாள் அந்த வீடு நமக்கு யாரோ வீடு. மூன்று தலைமுறை அங்கே பிறந்து மடிந்திருந்தாலும், வாசலில் நிற்கும் முருங்கை நம் பாட்டி நட்டதாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நாம் வேலைக்காக இருக்க விட்டவர்கள்.

வேலை நிறுத்தத்துக்கு நஷ்டஈடு உண்டே என்பார்கள். உண்டு. 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், இரண்டு ஆண்டுக்குக் கீழ் 10 நாள். 25 ஆண்டு பால் வெட்டியவருக்கு 500 நாள் கூலி. மாதம் 26 வேலைநாள் என்று வைத்தால் 19 மாதச் சம்பளத்துக்குச் சற்று அதிகம். கால் நூற்றாண்டு உழைப்புக்குப் பத்தொன்பது மாதம்! அதிலும் இந்தக் கணக்கில் கூலி உண்டு, வருஷம் உண்டு, வீடு இல்லை. காய்கறித் தோட்டம் இல்லை, மாட்டுக் கொட்டகை இல்லை, கோயில் இல்லை. வீடு கொடுத்தால் அது தயவு. கொடுக்காவிட்டால் கேட்க வழியில்லை. இந்த ஓட்டையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதலாளிகள் பலர். புரிந்துகொள்ளாமல் கூலிக் கணக்கிலேயே பேரம் பேசி முடித்தவர்கள் நாம். வேலை நிறுத்தப் பணம் எத்தனை வெள்ளி என்று எத்தனையோ கூட்டங்களில் தொண்டை வறளப் பேசினோமே, வீட்டுக்கு கிராண்ட் எங்கே என்று அதே உரத்தோடு கேட்டோமா? நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், கேட்கவில்லை.

டெங்கிலிலேயே இதற்கு எதிரான பாடம் ஒன்று நடந்திருக்கிறது. நம் பத்திரிகைகளில் அது அதிகம் வரவில்லை என்பது நமக்கு வருத்தம். அந்த ஊருக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் என்று ஒரு கம்பம். தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழும் இடம். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995இல் அவர்கள் நிலத்தில் சுமார் 38 ஏக்கரை எடுத்தார்கள். பயிருக்கும் வீட்டுக்கும் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள்; நிலத்துக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் நிலம் உங்களுடையதல்ல என்றார்கள். சாகோங் தாசி என்பவரும் அவர் உறவினரும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழிவழியாக வாழ்ந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2010இல் 65 லட்சம் வெள்ளிக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. பதினைந்து ஆண்டு! இடையில் எத்தனை பேர் கண்ணை மூடினார்களோ. ஆனால் அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒரு சொல் இருந்தது: இது எங்கள் மண். நாம் அப்படிச் சொன்னால் நாட்டுச் சட்டம் ஏற்காது. நூறு ஆண்டு வாழ்ந்தும் நாம் சம்பளத்துக்கு வந்தவர்கள். ஆகையால் நமக்கு மண் வேண்டுமானால் அதை எழுதி வாங்குவது ஒன்றே வழி.

அப்படியானால் போகவே கூடாது என்கிறோமா?

இல்லை. இங்கேதான் நம் அன்பர்கள் சிலரோடு நமக்கு அபிப்பிராய பேதம். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி மேடையில் பேசும்போது அதைச் சொர்க்கம் போலப் பேசுகிறார்கள். பங்குனி உத்திரம், தீமிதி, திடலில் படம், ஒரு வீட்டில் சாவென்றால் லயம் முழுவதும் அடுப்பு மூட்டாத ஒற்றுமை. எல்லாம் மெய்தான். அதே லயத்தில் பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழு பேர் படுத்ததும் மெய். காலை ஐந்தரை மணிப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அரை நிமிஷம் பிந்தியதற்கு அன்றைய வேலையே போனதும் மெய். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஐந்து மைலுக்கு அப்பால்தான் இடைநிலைப் பள்ளி என்பதால் ஆறாம் வகுப்போடு பிள்ளையை நிறுத்தி வாளியைக் கையில் கொடுத்த தகப்பன்மார் எத்தனை பேர்? கள்ளுக்கடையைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாழ்க்கையைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஒரு வாலிபன் நினைத்தால் அவனைத் துரோகி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

கடிதம் எழுதிய தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போயிருந்தோம். பெயர் வேண்டாம், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. கோயில் முன்றிலில் உட்கார்ந்து பேசினோம். நாற்பது ஆண்டு வெட்டிய ஓர் அம்மாள் முதலில் பேசினார். "அண்ணே, நான் இங்கேயே கிடந்து செத்துப்போறேன். மாடியிலே கொண்டு போயி வச்சா ரெண்டு கோழி வளக்க முடியுமா? ஒரு கருவேப்பிலைச் செடி வைக்க முடியுமா? பொணத்தைக்கூட மாடிப்படியிலே சாச்சுத்தானே இறக்கணும்?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அவர் மகன் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை செய்கிறான். தினமும் மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம் போய்வருகிறான். "அம்மா, டவுன்லே இருந்தா பத்து நிமிஷம்மா. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு லாரிக்கு நடுவிலே நான் வர்றது உனக்குத் தெரியாது" என்றான். அம்மாள் பேசவில்லை.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும் கிராணி ஒருவர் சற்றுத் தள்ளி நின்றார். கிராணிமார் இப்படித் தள்ளி நிற்பது பழைய வழக்கம். "ஐயா, நீங்களும் வந்து உட்காருங்கள்" என்று கூப்பிட்ட பிறகு வந்தார். அவர் சொன்னதுதான் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. "எனக்குத் தனி பங்களா. வெட்டுக்காரருக்கு லயம். வேலை போனால் இரண்டு பேரும் ஒரே நாளில் நடுத்தெருவில்தான். இத்தனை வருஷம் செக்ரோலில் எல்லார் பெயரையும் எழுதினேன், என் பெயரில் ஓர் அடி மண் எழுதிக்கொள்ளவில்லை" என்றார். இதைக் கேட்ட பிறகு, லயத்துக்கு ஒரு நியாயம், கிராணி வீட்டுக்கு ஒரு நியாயம் என்று தனித்தனியாகப் பேரம் பேச உடன்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைக் கண்டு நாம் பயப்படுகிறோம்.

அந்தத் தாய் சொன்னதும் மகன் சொன்னதும் இரண்டுமே சரி. ஒரு குடும்பம் சிறு பட்டணத்துக்குப் போவதா என்று தீர்மானிக்கும்போது இந்த இரண்டு நியாயங்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் அங்கே. முதியவர்களுக்குக் காற்றும் மண்ணும் மனிதர்களும் இங்கே. வேலையில் இருக்கும் நடுவயதுக்காரர் கதி இரண்டுக்கும் நடுவில். அவருக்குப் பால் வெட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. டவுனில் ரப்பர் மரம் இல்லை. காவலாளி வேலை, துப்புரவு வேலை, ஓட்டலில் மங்கு கழுவும் வேலை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்கிறது. தோட்டத்தில் 1,700 வெள்ளி என்றால் வீட்டு வாடகை கிடையாது, விறகு கிடைக்கும், கீரை கிடைக்கும். டவுனில் அதே 1,700 வெள்ளி வேறு பணம். வீட்டுத் தவணை, தண்ணீர்க் கட்டணம், மின்சாரம், கேஸ், அடுக்கு வீடானால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், பிள்ளையின் பள்ளி பஸ். முதல் மாதத்திலேயே காப்பிக்கடைக் கொப்பியில் கணக்கு ஏறிவிடும்.

பராமரிப்புக் கட்டணம் என்றோம். அடுக்குமாடி வீட்டைப் பற்றி நம் தோழர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். தரை வீட்டில் வீடும் உங்களுடையது, அது நிற்கும் மண்ணும் உங்களுடையது. சுவர் வெடித்தால் பூசலாம். பிள்ளை பெருகினால் பின்பக்கம் ஓர் அறை இழுக்கலாம். வீடே விழுந்தாலும் மண் மிஞ்சும். அடுக்கு வீட்டில் உங்களுக்கு இருப்பது நாலு சுவருக்கு நடுவிலுள்ள இடம். படியும் கூரையும் குழாயும் எல்லாருக்கும் பொது. பொது என்றால் எல்லாரும் பணம் கட்டினால்தான் பழுது பார்க்க முடியும். ஓய்வு பெற்ற வெட்டுக்காரர்கள் நிறைந்த கட்டடத்தில் யார் கட்டுவது? நாலு பேர் கட்டாமல் போனால் தண்ணீர்த் தொட்டி வற்றும், குப்பை சேரும், விளக்கு அணையும். பிறகு பத்திரிகைக்காரர்கள் வந்து தோட்டத்து ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று எழுதுவார்கள். கட்டடத்தின் கால் சரியில்லாவிட்டாலோ, அதைத் தனி ஒருவர் என்ன செய்தும் நிமிர்த்த முடியாது. அடுக்கு வீட்டுக்குப் போகும் குடும்பம் தன் தலைவிதியை, தான் பார்த்திராத ஒரு குத்தகைக்காரர் கலந்த சிமெண்டோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறது. ஆகையால்தான் 2011இல் புக்கிட் ஜாலில் தோட்டத்தில் மிச்சமிருந்த 41 குடும்பங்கள், அடுக்கு வீடு வேண்டாம், தரை வீடு கட்ட நாலு ஏக்கர் நிலம் கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றன. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. தோட்டம் முழுவதையும் தோண்டி வளர்த்தவர்கள் அதில் ஓர் ஓரத்தில் நாலு ஏக்கர் கேட்டால் அது பேராசையாம்!

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் நம் இரத்தம்தான். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்களை ஆட்டு மந்தையைப் போல எண்ணி, இத்தனை லட்சம் அந்தப் பக்கம், இத்தனை லட்சம் இந்தப் பக்கம் என்று இரண்டு சர்க்கார்கள் பிரித்தன. அங்கே மிஞ்சியவர்கள் கேட்டது என்ன? லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, வீட்டோடு ஏழு பேர்ச் நிலம், நிலத்துக்கு உறுதிப் பத்திரம். இந்தியாவின் உதவியோடு கட்டிய வீடுகள் பல அந்தக் கணக்கில்தான் எழுந்தன. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. பெரிய நிலமில்லை. ஆனாலும் கோழிக்கூண்டு வைக்கலாம், கருவேப்பிலை வைக்கலாம்.

நம் நாட்டிலும் ஒருமுறை நம்மவர்கள் இதைவிடத் துணிவான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அவசரகாலத்தில் முள்வேலிக்குள் அடைத்து வைத்த லயத்திலிருந்து வெளியே வந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த இடி அது. அப்போது வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கே போவது என்று கேட்காதே, தோட்டத்தையே வாங்கு என்பதுதான் அதன் பொருள். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். பத்து வெள்ளி அன்று சிறிய தொகையல்ல. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. பின்னாளில் அந்தக் கூட்டுறவைக் குறித்துக் குறை கூறியவர்கள் இருக்கிறார்கள். அதை வேறொரு நாள் பேசலாம். வெட்டுக்காரரின் பத்து வெள்ளி ஒன்றாகச் சேர்ந்தால் மண் வாங்கும் என்பதை அது காட்டிற்று. இன்று ஒரு தோட்டத்தை வாங்கும் விலை நம் கைக்கு எட்டாது. முப்பது நாற்பது குடும்பத்துக்கு மனை போட இரண்டு மூன்று ஏக்கர் என்பது எட்டாத கனியா? தோட்டத்தை விற்கும் கம்பெனியும், நிலத்தின் உபயோகத்தை மாற்ற அனுமதி கொடுக்கும் மாநில சர்க்காரும் மனம் வைத்தால், அந்தத் தோட்டத்தின் ஓரத்திலேயே அதை ஒதுக்கலாம். நிலத்தை மாற்றிக் கட்டடம் கட்டும்போது அதன் விலை எத்தனை மடங்காகிறது என்பது கணக்குத் தெரிந்த கிராணிமாருக்குத் தெரியும்.

மேம்பாட்டுக்காரர் கையில் அனுமதி போய்ச் சேர்வதற்கு முன்பு கேட்பது ஒன்று, பிறகு கேட்பது வேறொன்று. முன்பு கேட்டால் அது நிபந்தனை. பிறகு கேட்டால் விண்ணப்பம். பெராங் பெசார் மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதியதெல்லாம் விண்ணப்பங்கள்.

இப்போது கடிதத் தோழருக்கு வருகிறோம். உங்களிடம் கொடுத்திருக்கும் காகிதத்தை நாம் பார்த்தோம். அதில் "வீட்டு வசதி செய்து தரப்படும்" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த வீடு, எந்த ஊரில், எந்த மனை எண், தரை வீடா அடுக்கு வீடா, யார் பெயரில், எந்தத் தேதிக்குள், தராவிட்டால் என்ன என்பது ஒன்றும் இல்லை. வாடகைக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தாலும் அந்த வரி நிறைவேறிவிடும். அந்த வரிக்குக் கீழே உங்கள் கைரேகை போவதற்கு முன் இவ்வளவும் மலாயிலும் தமிழிலும் எழுதி வர வேண்டும். நிலம் நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா என்பதும் அதில் வர வேண்டும். கணவன் பெயரில் மட்டுமல்ல, மனைவி பெயரிலும் எழுதச் சொல்லுங்கள். பால் வெட்டியது இருவருந்தானே? குடித்துவிட்டு வீட்டை விற்றவர்கள் கதை நமக்குப் புதிதல்ல.

புது வீடு கட்டி முடித்து, தண்ணீரும் மின்சாரமும் வந்து, தகுதிச் சான்று கையில் கிடைக்கும் வரை லயத்தை இடிக்கக் கூடாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இது பெரிய சங்கதி. லயத்தை இடித்துவிட்டால் நம் கையில் துருப்பு ஒன்றும் இல்லை. ஆறு மாதம் என்று சொல்லித் தற்காலிகக் கொட்டகைக்குப் போனவர்கள் அங்கேயே பேரன் எடுத்த கதைகள் உண்டு.

கோயிலும் பள்ளிக்கூடமும் தனி ஒப்பந்தமாக எழுத வேண்டியவை. கோயில் நிற்கும் நிலம் தோட்டத்தோடு விற்கப்பட்டுவிட்டால் நாளைக்கு மாரியம்மனே குடியேற்றக்காரியாகிவிடுவாள். பள்ளிக்கூடத்தின் விஷயம் இன்னும் அவசரம். தோட்டத்துப் பிள்ளைகள் நாலு திசையிலும் சிதறினால் பதினைந்து மாணவர்களோடு பள்ளி நிற்காது. பள்ளியின் உரிமத்தைப் புது ஊருக்கு மாற்றக் கல்வி இலாகாவுக்கு இப்போதே எழுதத் தொடங்க வேண்டும். ஆட்கள் போன பிறகல்ல.

சேமநிதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீடு வாங்க அதிலிருந்து எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், வீட்டுக்கு எடுப்பது அதில் செஜாத்ரா என்ற பகுதியிலிருந்து. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் உள்ளதையெல்லாம் சிமெண்டில் போட்டுவிட்டு அறுபதில் அரிசிக்கு நிற்கக்கூடாது. உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வங்கி நீண்ட தவணை தராது. பிள்ளை பெயரில் கடன் வாங்குவதானால், வீட்டில் உட்கார்ந்து பேசி, மருமகளையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள்.

நிர்வாகம் ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். போகாதீர்கள். முதலில் கையெழுத்துப் போடும் ஐந்து குடும்பத்துக்கு மேலும் ஐந்நூறு வெள்ளி என்று சொன்னால் அது அன்பினால் அல்ல. ஐந்து பேர் போனால் தண்ணீர் நிறுத்தலாம். பத்துப் பேர் போனால் லயத்தில் காலி வீடுகளை இடிக்கலாம். பிறகு மிஞ்சியவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று கோர்ட்டுக்கு இழுக்கலாம். வெட்டுக்காரர், களைக்காட்டு ஆள், ஸ்டோர் ஆள், கிராணி, ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளையோடு லயத்தில் இருக்கும் முதியவர்கள், எல்லாரும் ஒரே பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலை அந்தக் கிராணி ஐயாவே எழுதட்டும். செக்ரோல் எழுதிய கை அது, பிழை வராது.

நல்ல தரை வீடு, பத்திரத்தோடு, பிள்ளைகள் வேலைக்குப் போகும் தூரத்தில் கிடைக்குமானால், டெங்கிலுக்கானாலும் வேறு எந்தச் சிறு பட்டணத்துக்கானாலும் போகலாம் என்பதே நம் அபிப்பிராயம். கிடைக்காவிட்டால் லயத்தில் உட்கார்ந்துகொண்டே பேசுவோம். அந்த அம்மாளுக்குச் சொல்லுங்கள்: அவர் கேட்ட கோழிக்கூண்டு இடத்தையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம், நகைப்புக்காக அல்ல. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் முன்றிலில் கூட்டம். நம் ஆள் வருவார். எல்லாரும் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, தோட்டத்தில் சேர்ந்த தேதிக்கு ஏதாவது அத்தாட்சி இருந்தால் அதுவும், நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நம்மிடமும் கூட.